ஐந்து பேருக்கு மூன்று பை போதும்

பரந்தனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சித்திரை விடுமுறைக்குக் கணவர், பத்து வயது மகன், நாலு வயது மகள், மாமி என்று ஐந்து பேராகக் கண்டியில் இரண்டு இரவும் நுவரெலியாவில் இரண்டு இரவும் தங்கப் போகிறார்களாம். பயணம் பஸ்ஸிலும் ரயிலிலும். முந்தி கதிர்காமம் போனபோது ஏழு பை கொண்டுபோனார்கள். ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் பை எண்ணுவதே வேலையாகப் போய்விட்டது என்கிறார். எதைக் குறைக்கலாம், எதை எப்படிக் கட்டலாம் என்பதுதான் கேள்வி.

நான் படிப்பிக்கிறவள். பன்னிரண்டு வருடமாகக் கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். நாற்பது பிள்ளைகளின் பைகளை பஸ்ஸில் ஏற்றி இறக்கி, இரவில் "மிஸ், என்ர துவாயைக் காணேல்லை" என்று அழுகிறவர்களுக்குத் தேடிக் கொடுத்த அனுபவம்தான் என் தகுதி.

முதலில் கைகளை எண்ணுங்கள். ஐந்து பேருக்குப் பத்துக் கை இருக்கிறது என்று நினைப்போம். மாமியின் ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், மற்றக் கை யாரையாவது பிடிக்க வேண்டும். மகளின் ஒரு கை உங்கள் கையில் இருக்கும். மாமியைப் பிடிக்கிறவர் கணவர் என்றால் அவருடைய ஒரு கையும் போய்விட்டது. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம், அதுவும் ரிக்கெற் காட்டவும் காசு எடுக்கவும் வேண்டும். ஆகவே சுமையெல்லாம் தோளில் இருக்க வேண்டும். உங்கள் முதுகில் ஒன்று, கணவரின் முதுகில் ஒன்று, மகனின் முதுகில் அவனுடைய பள்ளிக்கூடப் பை. விடுமுறையில் அது சும்மாதானே கிடக்கிறது. இதற்கு மேல் உங்கள் தோளில் குறுக்காகத் தொங்கும் ஒரு கைப்பை, மாமியின் வெற்றிலைப் பை. இவ்வளவுதான். நாலாவது பையைத் தூக்க ஆள் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகக் குறையும்.

சில்லு வைத்த பெட்டி வசதி என்று சொல்வார்கள். விமான நிலையத்தின் வழுவழு நிலத்தில் வசதிதான். எங்கள் ஒழுங்கைக் கிரவலில் அது உருளாது, இழுபடும். ரயில் பெட்டியின் படி உயரம். கூட்டத்துக்குள் அந்தப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்குகிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாற்பது லீற்றர் அளவான முதுகுப்பை பஸ்ஸின் மேல்தட்டிலும் அடங்கும், காலடியிலும் அடங்கும்.

சரி, பை மூன்று. இனி அதற்குள் என்ன?

உடுப்பை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். தங்கப்போகிற இரண்டு இடத்துக்கும் பேசி ஐந்து கேள்வி கேளுங்கள்: துவாய் தருவீர்களா, கூடுதலாகப் போர்வை இருக்கிறதா, சுடுதண்ணி வருமா, கேத்தில் இருக்கிறதா, உடுப்புக் காயப்போடக் கொடி இருக்கிறதா. இந்த ஒரு அழைப்பில் ஒரு பை குறைகிறது, நான் மிகைப்படுத்தவில்லை. ஐந்து பெரிய துவாயையும் இரண்டு போர்வையையும் ஒரு பைக்குள் திணித்துப் பாருங்கள், தெரியும். துவாய் தருவார்கள் என்றாலும் அதை நம்பப் பிடிக்காதவர்கள் உண்டு, மாமி அப்படியானவராக இருக்கலாம். அவருக்கு ஒரு மெல்லிய துவாய் போதும். ஆண்களுக்குச் சாரம் இருக்கிறது.

சாரத்தைப் பற்றி ஒரு கதை. ஒரு வருடம் முத்தையன்கட்டுப் பக்கத்துப் பெடியன் ஒருவன் ஒரேயொரு பள்ளிக்கூடப் பையோடு சுற்றுலாவுக்கு வந்து நின்றான். மற்றவர்கள் பயணப் பையும் சொப்பிங் பைகளுமாக நின்றார்கள். இவனைப் பார்த்து, கொண்டுவர ஒன்றும் இல்லையாக்கும் என்று எனக்கே மனதுக்குள் ஒரு மாதிரி இருந்தது. இரவு அவன் பையைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். இரண்டு ரீசேட், ஒரு சுவெற்றர், மூன்று சோடி மேஸ், உள்ளாடைகள், ஒரு சாரம். அந்தச் சாரம் குளித்துவிட்டு ஈரம் துடைக்கிற துவாய், உடுப்பு மாற்றுகிற மறைப்பு, இரவுக்குப் போர்வை. பஸ்ஸில் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தான். மூன்றாம் நாள் நுவரெலியாவில் எல்லோருடைய மேஸும் மழையில் நனைந்துவிட, ஒரு சொப்பிங் பைக்குள் கட்டி வைத்திருந்த காய்ந்த சோடியை அவன் மட்டும்தான் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பட்டியல் அவனுடைய பைதான்.

இனி உங்கள் பயணத்தின் உண்மையான சிக்கல். சித்திரையில் பரந்தனில் 35 பாகை வெயில். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், அங்கேயும் பகலில் வியர்க்கும். நுவரெலியா 1,868 மீற்றர், இரவில் 10, 12 பாகைக்கு இறங்கும், பின்னேரங்களில் மழையும் பெய்யலாம். இரண்டு காலநிலைக்கும் இரண்டு பெட்டி உடுப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் மாட்டுப்படுகிறார்கள். தடித்த உடுப்பு வேண்டாம், அடுக்கடுக்காக உடுங்கள். ரீசேட், அதன்மேல் நீளக்கை சேட், அதன்மேல் சுவெற்றர். கண்டியில் போட்ட அதே சேட்தான் நுவரெலியாவில் நடுவில் போகும்.

ஆளுக்கு உடலில் உள்ளது தவிர மேலுக்கு இரண்டு, கீழுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, உள்ளாடை நாலு, மேஸ் இரண்டு சோடி. சின்னவளுக்கு மட்டும் இரண்டு செட் கூட. ஜீன்ஸ் வேண்டாம். என் மகனின் ஜீன்ஸை வீட்டுத் தராசில் வைத்தேன், 650 கிராம். அது நனைந்தால் நுவரெலியாவில் இரண்டு நாளானாலும் காயாது.

காய்வது என்றதும் ஒன்று. "கொஞ்சமாகக் கொண்டுபோய்த் தோய்த்துத் தோய்த்துப் போடுங்கள்" என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். எங்கே தோய்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. நுவரெலியாவின் குளிர்ந்த ஈரக்காற்றில் ஒரு பெனியன்கூட ஒரு இரவில் காயாது. ஆகவே கண்டியில் முதல் இரவே, பயணத்தில் போட்ட உடுப்பைத் தோய்த்துப் போடுங்கள். அடுத்த நாள் முழுக்க அது காயும், மூன்றாம் நாள் காலை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். நுவரெலியாவில் வியர்க்காது, ஒரு ரீசேட் இரண்டு நாள் தாங்கும். கண்டியை முதலிலும் நுவரெலியாவைப் பிறகும் வைத்தது தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, பை கட்டுகிறவளுக்கு அது பெரிய உதவி.

சுவெற்றரைக் கிளிநொச்சியில் தேடி அலையாதீர்கள். எங்கள் பக்கம் அது அபூர்வம், விலையும் கூட. நுவரெலியா நகரத்திலேயே குளிர் உடுப்பு விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன, பேரம் பேசலாம். ஆனால் நுவரெலியாவுக்குப் போக ரயிலில் நானுஓயாவில் இறங்குகிறபோதே குளிரும், அதனால் மகளுக்கும் மாமிக்கும் மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கிக் கொண்டுபோங்கள். மற்றவர்கள் அங்கே வாங்கலாம். வாங்கியதைப் பைக்குள் வைக்காதீர்கள், போட்டுக்கொண்டே திரியுங்கள். மாமிக்கு சுவெற்றரை விட ஒரு கம்பளிச் சால்வை நல்லது, சேலைக்கு மேல் அது இலகுவாக நிற்கும்.

மாமிக்குச் சேலை மூன்று, அதில் ஒன்று உடலில். தலதா மாளிகைக்குப் போவீர்கள் என்றால் எல்லோருக்கும் முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். அதற்கென்று தனியாக உடுப்பு வேண்டாம், கொண்டுபோவதில் ஒன்று அந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தால் போதும். சப்பாத்துக் காலில், செருப்பு பையில். இரண்டாவது சோடி சப்பாத்து யாருக்கும் தேவையில்லை. பைக்குள் வைக்கிற செருப்புக்குள் மேஸைச் சுருட்டித் திணியுங்கள், அந்த இடம் வீணாகாது.

கணவரும் மகனும் ஹோட்டன் சமவெளிக்குப் போகிற எண்ணம் இருந்தால் (சின்னவளுக்கும் மாமிக்கும் அந்த 9 கிலோமீற்றர் நடை சரிவராது), அவர்களுடைய அந்த விடியற்காலை உடுப்பை மட்டும் ஒரு துணிப்பைக்குள் தனியாகக் கட்டி வையுங்கள். நாலரை, ஐந்து மணிக்கே வெளிக்கிட வேண்டும், பிந்தினால் அங்கேயுள்ள உலக முடிவு என்கிற மலை விளிம்பில் பனிமூட்டத்தைத்தான் பார்க்கலாம். அந்த இருட்டில் பையைக் கிண்டினால் மற்ற மூன்று பேரின் நித்திரையும் போகும். துணிப்பை என்றது காரணத்தோடுதான். அங்கே பொலித்தீனை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் சோதிப்பார்கள்.

மடிப்பது, சுருட்டுவது பற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது. என் பழக்கம் இது: ரீசேட், பெனியன், இரவுடுப்பு எல்லாம் சுருட்டு. சேட், சேலை, காற்சட்டை மடிப்பு. சுருட்டியவற்றை ஆளுக்கு இரண்டு சொப்பிங் பையாகப் போட்டு, அதன்மேல் முழங்காலை வைத்து அமத்திக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி இறப்பர் வளையம் போடுங்கள். விலைகொடுத்து வாங்குகிற காற்றுப் பைகள் செய்வதும் இதைத்தான். மழையில் பை நனைந்தாலும் உள்ளே நனையாது.

ஆளுக்கொரு முதுகுப்பை என்று பிரிக்காதீர்கள். ஒரு பை தவறினால் அந்த ஆள் ஐந்து நாளும் ஒரே உடுப்போடு நிற்க வேண்டிவரும். ஒவ்வொருவருடையதையும் இரண்டு பைக்குள் பிரித்து வையுங்கள். அதைவிட முக்கியமானது, மகனின் பையை "முதல் இரவுப் பை" ஆக்கிவிடுங்கள். ஐந்து பேரின் இரவுடுப்பு, பல்துலக்குகிற சாமான், சவர்க்காரம், அடுத்த நாள் காலை உடுப்பு எல்லாம் அதில். கண்டிக்குக் களைத்துப்போய்ச் சேருகிற இரவில் அந்த ஒரு பையை மட்டும் திறந்தால் போதும். மற்ற இரண்டும் மூலையில் கிடக்கட்டும். உடுப்புத்தானே, பத்து வயதுப் பிள்ளை தூக்கக்கூடிய பாரம்தான். பாரமானவற்றைக் கணவரின் பையில், முதுகை ஒட்டி, நடுப்பகுதியில் வையுங்கள். வெளிப்பக்கத்தில் வைத்தால் பை ஆளைப் பின்னால் இழுக்கும்.

போத்தல்கள் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல், கிட்டத்தட்ட வாய்வரை நிரப்பி, மூடியை இறுக்கிச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன், உடையாது என்று. நுவரெலியாவில் பையைத் திறந்தால் ஊறுகாய் எண்ணெய் மூன்று சேலையையும் மணக்க வைத்திருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், 1,868 மீற்றரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே அடைத்த காற்று மேலே விரிந்து எண்ணெயை மூடி இடுக்கால் தள்ளும். பிஸ்கற் பக்கற் அங்கே பலூன் மாதிரி ஊதியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அதே காரணம்தான். ஆகவே பிளாஸ்ரிக் போத்தல், முக்கால்வாசி மட்டும், மூடுவதற்கு முன் நசுக்கிக் காற்றை எடுத்துவிட்டு, வாயில் ஒரு பொலித்தீன் துண்டு வைத்து மூடுங்கள். போத்தல்கள் எல்லாம் பையின் மேல்பக்கத்தில், நிமிர்ந்து, தனி சொப்பிங் பைக்குள்.

தேங்காயெண்ணெய் இன்னொரு வேடிக்கை. அது 24 பாகைக்குக் கீழே உறையும். பரந்தனில் தண்ணீராக ஓடுகிற எண்ணெய் நுவரெலியாவில் போத்தலுக்குள் மெழுகாக நிற்கும், ஒடுங்கிய வாயால் வராது. வாய் அகன்ற சின்ன டப்பாவில் ஊற்றிக் கொண்டுபோங்கள், விரலால் வழித்துப் பூசலாம். சம்பு பக்கற்றாக. சவர்க்காரத்தைக் கத்தியால் பாதியாக வெட்டினால் ஐந்து நாளுக்குத் தாராளம்.

மாமியின் மருந்து எந்தப் பைக்குள்ளும் போகக்கூடாது, உங்கள் கைப்பையில்தான். ஏழு நாளுக்கானது எடுங்கள், கிளினிக் கொப்பியைப் போனில் படம் பிடித்து வையுங்கள். அவர் இன்சுலின் போடுகிறவர் என்றால், பாவனையில் இருக்கிறதை 30 பாகைக்குள் வைத்தால் ஏறக்குறைய நாலு கிழமை தாங்கும். சித்திரை வெயிலில் நிற்கிற பஸ்ஸுக்குள் அந்த 30 தாண்டிவிடும். ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்க்குக்குள் வையுங்கள். ஐஸ் கட்டியோடு முட்டவைக்க வேண்டாம், உறைந்தால் அந்த மருந்து கெட்டுவிடும்.

கைப்பைக்குள் வேறு என்ன என்றால் அடையாள அட்டைகள், காசு, பனடோல், ஜீவனி உப்புக்கரைசல் தூள் இரண்டு பக்கற், சார்ஜர், சதுரப் பின்னுக்கும் உருண்டைப் பின்னுக்கும் மாற்றுகிற ஒரு அடப்ரர். அப்புறம் சின்னவளுக்கு ஒரு மாற்றுடுப்பு, நாலு சொப்பிங் பை, ஒரு தேசிக்காய். ரயில் கிடைக்காமல் கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக பஸ்ஸில் ஏறவேண்டி வந்தால் அந்த வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். அந்த நேரம் மாற்றுடுப்பு பஸ்ஸின் பின்பெட்டிக்குள் இருந்து பிரயோசனமில்லை.

சாப்பாடு முதல் நாளுக்கு மட்டும். புட்டோ சோறோ வாழையிலையில் கட்டுங்கள், சாப்பிட்ட பிறகு சுமக்க ஒன்றும் மிஞ்சாது. டப்பாவில் கொண்டுபோனால் வெறும் டப்பாவை ஐந்து நாள் சுமக்க வேண்டும். பயத்தம் உருண்டை ஒரு பொதி. சின்னவளின் பால்மாவை ஒரு தரத்துக்கு வேண்டிய அளவாகப் பொட்டலம் போட்டால் ரின் தேவையில்லை.

இனிக் கொஞ்சம் சங்கடமான விசயம். எங்கள் வீடுகளில் பெரியவர்களோடு பை கட்டுவது லேசான வேலை அல்ல. 2008 கடைசியில் யுத்தத்துக்குள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வொரு இடமாகக் கட்டி அவிழ்த்தவர்கள் அவர்கள். எதை விட்டுவிட்டுப் போனார்களோ அது திரும்பக் கிடைக்கவில்லை. 2015இல் அம்மாவை முதன்முதலாக நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரது பையைத் தூக்கினால் கல்லு மாதிரி. உள்ளே ஐந்து கிலோ அரிசி, ஒரு அலுமினியப் பானை, காணி அனுமதிப்பத்திரம், எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும் பிளாஸ்ரிக் உறைக்குள். "அஞ்சு நாளிலை வந்திடுவம் அம்மா" என்றேன். "அப்பிடித்தான் அப்பவும் சொன்னவை" என்றார். நான் மேலே ஒன்றும் பேசவில்லை. அரிசியையும் பானையையும் மட்டும் கெஞ்சி இறக்கினேன். பத்திரங்கள் வந்தன. ஹொட்டேல் அறையில் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார்.

மாமியும் அப்படியென்றால் வாதாட வேண்டாம். பத்திரங்களை அவர் நம்புகிற ஒருவரிடம், அவருடைய கையாலேயே கொடுக்க வையுங்கள், சகோதரியோ பக்கத்து வீட்டு ஆச்சியோ. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்குக் காட்டுங்கள். அப்படியும் மனம் கேட்காவிட்டால் கொண்டுவரட்டும், ஒரு கோப்பு அரைக் கிலோ வராது. அதற்காக ஒரு சேலையைக் குறைக்கச் சொல்லுங்கள், சம்மதிப்பார்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மத்தியானமே கட்டி முடித்து, மூன்று பையையும் நெல்லு நிறுக்கிற தொங்கு தராசில் கொழுவிப் பாருங்கள். மகனுடையது நாலு கிலோவுக்குள், உங்களுடையது ஏழுக்குள், கணவருடையது ஒன்பதுக்குள் நின்றால் நல்லது. கூடினால் ஒவ்வொன்றாக எடுத்து, "இது இல்லாவிட்டால் அங்கே வாங்க முடியுமா?" என்று கேளுங்கள். கண்டியிலும் கடை இருக்கிறது.

திரும்பி வருகிற பயணத்துக்கு, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற வெறும் பை ஒன்றைக் கணவரின் பைக்கு அடியில் போடுங்கள். நாலாவது பை வேண்டாம் என்றேன்தான். ஆனால் நுவரெலியாச் சந்தையில் கரட்டையும் லீக்ஸையும் பார்த்த பிறகு வெறுங்கையோடு வந்த வன்னிப் பெண்ணை நான் இன்னும் காணவில்லை. தின்று முடித்த பொட்டலங்களின் இடத்தில் ஊத்தை உடுப்புப் போகும், கரட் அந்தப் பைக்குள். லீக்ஸை மட்டும் பேப்பரில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் சுவெற்றர் முழுக்க மணக்கும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளைகள் கச்சான் கேட்பார்கள், கைப்பையின் வெளிப்பக்கத்து அறையை அதற்குக் காலியாக விட்டு வையுங்கள்.